அமானிதம் காத்த அமைச்சர் தாஜுத்தீன் அகமது

வங்காளதேசம் என்றதும் ஷேக் முஜீபுர் ரஹ்மான் அவர்களின் பெயரே நம் நினைவுக்கு வருகின்றது. அவர் சிறைப்பட்டிருந்த ஒன்பது மாத காலம் அந்நாட்டின் பொறுப்பைத் தோளில் சுமந்தவரை நம்மில் பலர் அறிந்திலர். எனவே அவரது வரலாற்றை இங்கே வரைகின்றோம்.

தாஜுத்தீன் அகமது அவர்கள் 1925 ஜூலை 23 அன்று, டாக்காவுக்கு வடக்கே காபாசியா வட்டாரத்திலுள்ள தர்தரியா எனும் சிற்றூரில் பிறந்தார்கள். தந்தையார் மௌலவி முஹம்மது யாசீன் கான். இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிஸ் அவர்கள். மார்க்கக் கல்வியோடு நின்றுவிடாது டாக்கா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் பயின்றார்கள். சட்டத் தேர்வையோ சிறைக் கைதியாக இருந்தவாறே எழுதித் தேறினார்கள்.

1954இல் மாகாண சட்டமன்ற உறுப்பினராகவும், 1966இல் அவாமி லீகின் பொதுச் செயலாளராகவும் ஆனார்கள். 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ அக்கட்சி வென்றும் ஆட்சி அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை. 1971 மார்ச் 25 இரவு இராணுவம் டாக்கா மக்கள் மீது பாய்ந்தது, முஜீப் கைதானார். தாஜுத்தீன் அவர்கள் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் விட்டுப் பிரிந்து, எல்லை கடந்து, டில்லி சென்று இந்திரா காந்தி அம்மையாரைச் சந்தித்தார்கள். ஏப்ரல் 17 அன்று மெஹர்பூர் பகுதியில் ஒரு மாந்தோப்பில் புதிய அரசு பதவியேற்றது. முஜீபே குடியரசுத் தலைவர், தாஜுத்தீன் பிரதமர்.

அவ்வரசு கல்கத்தா தியேட்டர் ரோட்டிலிருந்து இயங்கியது. நாடு விடுதலையடையும் வரை இல்லற வாழ்வு இல்லை எனப் பிரதமர் உறுதி பூண்டார்கள். குடும்பத்தார் பின்னர் அதே நகரம் வந்து சேர்ந்தும், அலுவலகத்தை அடுத்த அறையிலேயே தங்கித் தம் துணியைத் தாமே துவைத்துக் கொண்டார்கள். எதிர்ப்போ கட்சிக்குள்ளிருந்தும் வந்தது. இளைஞர் அணித் தலைவர்கள் சிலர் அவர்களது தலைமையை ஏற்க மறுத்தனர்.

டிசம்பர் 16இல் வெற்றி கிட்டியது. 1972 ஜனவரி 10 அன்று முஜீப் தாயகம் திரும்பினார். இரண்டே நாட்களில் பிரதமர் பதவி அவரிடம் சென்றது. தாஜுத்தீன் அவர்கள் நிதியமைச்சரானார்கள். கையிலிருந்த பதவியை இவ்வாறு விட்டுக்கொடுப்போர் எத்தனை பேர்?

போர் சிதைத்த நாட்டின் முதல் வரவு செலவுத் திட்டத்தை, 786 கோடி டாக்காவுக்கு, அவர்களே அளித்தார்கள். வங்கிகள் நாட்டுடைமையாயின. எனினும் தலைவருக்கும் அவர்களுக்கும் இடையே இடைவெளி வளர்ந்தது. பஞ்சம் நிலவிய 1974ஆம் ஆண்டின் அக்டோபர் 26 அன்று, தலைவர் கேட்டுக்கொண்டபடி பதவி விலகினார்கள். ஒன்பது மாதப் போர்க்காலத்தில் என்ன நடந்தது என்பதை அமர்ந்து கேட்க முஜீபுக்கு நேரமே வாய்க்கவில்லை என்பது குடும்பத்தாரின் நீங்காத குறை. அக்குறையில் நியாயம் உண்டென்றே நமக்கும் தோன்றுகின்றது.

1975 ஆகஸ்ட் 15 அன்று முஜீப் படுகொலை செய்யப்பட்டார். கோந்தகர் முஷ்தாக் அகமது ஆட்சிக்கு வந்தார். ஒதுக்கப்பட்டிருந்த தாஜுத்தீன் அவர்கள் அவ்வாட்சியோடு சேர்ந்தார்களில்லை. டாக்கா மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். நவம்பர் 3 விடியுமுன், இராணுவத்தினர் சிலர் சிறைக்குள் புகுந்து, சையது நஸ்ருல் இஸ்லாம், மன்சூர் அலி, கமருஸ்ஸமான் ஆகியோருடன் அவர்களையும் சுட்டுக் கொன்றனர். அப்போது வயது ஐம்பது.

துணைவியார் சையதா ஜோஹ்ரா தாஜுத்தீன் அவர்கள் 1977இல், சிதறிக் கிடந்த கட்சியை ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்றார்கள். சிறைப் படுகொலை வழக்கில் 2004இல்தான் தீர்ப்பு வந்தது. டாக்காவின் பனானி அடக்கத்தலத்தில் அன்னாரது கப்ரு உள்ளது.