உறைக்குள் ஒளிந்த உண்மை

காய்ச்சலால் அனலாய்க் கொதிக்கும் குழந்தையை மடியில் கிடத்தி, விடியும்வரை விழித்திருந்த தாய்மார் எண்ணிலர். நுரையீரலைத் தாக்கியும், குருதியில் கலந்தும், மூளை உறையில் அழற்சியை விளைவித்தும் பிஞ்சு உயிர்களைப் பறித்த நுண்ணுயிர்களுள் நியூமோகாக்கஸ் தலையாயது. அதனை ஆராய்வதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அளித்தவர் ஆஸ்வால்டு ஏவரி.

ஏவரி, கனடா நாட்டின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1877ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பிறந்தார். சமய போதகரான தந்தையார் 1887இல் குடும்பத்துடன் நியூயார்க்கில் குடியேறினார். கொலம்பியாவில் பயின்று 1904இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஏவரி, சில ஆண்டுகள் மருத்துவராகப் பணியாற்றினார். தீராத நுரையீரல் நோய்களின் முன் மருத்துவம் கையற்று நின்றமை அவர் உள்ளத்தை வாட்டியது. நோயை வெல்ல வேண்டுமாயின் முதலில் அதன் வேரை அறிதல் வேண்டும் எனத் தெளிந்து, ஆய்வுக்கூடத்தை நாடினார். 1913இல் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனையில் இணைந்தார்.

நியூமோகாக்கஸ் தன்னைச் சுற்றி வழவழப்பான உறையொன்றை அமைத்துக்கொள்கிறது. அவ்வுறையே நம் வெள்ளையணுக்கள் அதனை விழுங்கவொட்டாமல் தடுக்கும் கவசம். அக்கவசம் புரதத்தாலன்று, கூட்டுச் சர்க்கரையால் ஆனது என்பதை வேதியியல் அறிஞர் மைக்கேல் ஹைடல்பெர்கருடன் இணைந்து 1923இல் ஏவரி வெளியிட்டார். புரதமே எதிர்ப்பாற்றலைத் தூண்டும் எனக் கருதியிருந்த அறிஞருலகம் வியப்படைந்தது, எளிதில் ஏற்கவுமில்லை. ஏவரியோ வாதிடவில்லை, சோதனைகளைத் தொடர்ந்தார். 1931இல் வால்டர் கோபலுடன் சேர்ந்து, உறையின் சர்க்கரையைப் புரதத்துடன் பிணைத்து முயல்களுக்குச் செலுத்தினார். தனித்திருந்தபோது எதிர்ப்பாற்றலை எழுப்பாத சர்க்கரை, புரதத்துடன் பிணைந்ததும் அதனை எழுப்பியது.

இதே நுண்ணுயிரை ஆராய்ந்தவாறே மற்றுமோர் உண்மையையும் அவர் எட்டினார். மரபுப் பண்புகளைக் கடத்தும் பொருள் டி.என்.ஏ. என்பதை மெக்லியாட், மெக்கார்ட்டி ஆகியோருடன் இணைந்து 1944இல் நிறுவினார். அப்போது அவருக்கு அகவை அறுபத்தாறு. உயிரியலின் போக்கையே மாற்றிய அக்கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. 1955ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள், நாஷ்வில் நகரில் அவர் மறைந்தார்.

விதைத்தவர் காணாத விளைச்சல் பின்னர் வந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல், வெறும் சர்க்கரை உறைக்கு எதிராகப் போதிய எதிர்ப்பொருளை உருவாக்குவதில்லை. புரதத்துடன் பிணைத்தால் உருவாக்கும். ஏவரி காட்டிய இந்நெறியில் அமைந்த நியூமோகாக்கஸ் தடுப்பூசி, 2000இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வழங்கப்பெற்றது. இந்தியாவில் 2017இல் தொடங்கி, 2021இல் நாடு முழுமைக்கும் விரிந்தது.

தடுப்பூசி பரவிய நாடுகளில், காய்ச்சலுற்ற குழந்தையின் குருதியில் இந்நுண்ணுயிர் மறைந்திருப்பது அரிதாகிவிட்டது. ஆயினும் காவல் முற்றுப்பெறவில்லை. நியூமோகாக்கஸின் எல்லா வகைகளும் தடுப்பூசியில் அடங்கா. சிறுநீர்த் தொற்று போன்றவற்றை விளைவிக்கும் பிற நுண்ணுயிர்களும் உள்ளன. ஆதலின், பச்சிளங்குழந்தையின் காய்ச்சலைப் புறக்கணித்தலாகாது. பெயரையும் புகழையும் நாடாத ஓர் அறிஞரின் பொறுமை, அவரை அறியாத தாய்மாரின் இரவுகளில் அமைதியாய் நிலைத்திருக்கிறது.