திருமணியில் ஒரு மருத்துவர்

மாமல்லபுரக் கடற்கரை வரை விரிந்து கிடந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம், தொழுநோய் மிகுதியாகக் காணப்பட்ட பகுதிகளுள் ஒன்று. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1925ஆம் ஆண்டு லேடி வெலிங்டன் தொழுநோய்க் குடியிருப்பு தொடங்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அதன் பொறுப்பை ஏற்றவர் ராபர்ட் காக்ரேன்.

காக்ரேன் 1899இல் சீனாவில் பிறந்தவர். தந்தை தாமஸ் காக்ரேன், ஸ்காட்லாந்திலிருந்து அங்குச் சென்று சமயப்பணியோடு மருத்துவப்பணியும் ஆற்றியவர். மகனும் மருத்துவரானார், தொழுநோய் மருத்துவத்தையே வாழ்நாள் பணியாகக் கொண்டு இந்தியா வந்தார்.

தொழுநோயைப் பாவத்தின் பயன் என்றும் குலவழி வருவது என்றும் மக்கள் நம்பிய காலம் அது. நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிரியே என்பதை நார்வே நாட்டு ஹான்சன் 1873இலேயே கண்டறிந்திருந்தார். ஆயினும் அவ்வுயிரி ஆய்வுக்கூடத்தின் ஊட்டக் கரைசல்களில் வளர மறுத்தது, இன்றும் மறுக்கிறது. உடலுள் புகுந்தபின் நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். எனவே யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று அறிய, மனிதர்களை நெடுங்காலம் கவனிப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை.

காக்ரேன் குழந்தைகளைக் கவனித்தார். தொழுநோயாளர் எல்லாரும் நோயைப் பரப்புவதில்லை. தொற்றும் வகையினர் சிலரே. அவர்களுடன் ஒரே வீட்டில் நெருங்கி வாழும் குழந்தைகளே பேரிடருக்கு உள்ளாகின்றனர் என்பதை வலியுறுத்தினார். ஆனால் உழைத்து உண்ணும் குடும்பத்திலிருந்து தந்தையைப் பிரித்தால் குழந்தை எதனால் பிழைக்கும்? பகலில் வீட்டுக்கும் வயலுக்கும் சென்று உழைத்து, இரவில் மட்டும் ஊருக்குப் புறத்தே தனியிடத்தில் தங்கும் முறையை அவர் ஆதரித்தார். நோயை மட்டுமன்றி வயிற்றையும் எண்ணிப் பார்த்த ஏற்பாடு அது.

மருந்தென்று அப்போது இருந்தது நீரடிமுத்து எண்ணெய்தான். ஊசி வலித்த அளவுக்கு நோய் தணியவில்லை. 1940களின் பிற்பகுதியில், நச்சுத்தன்மை மிக்கது என ஒதுக்கப்பட்டிருந்த டாப்சோன் மருந்தை எண்ணெயில் கலந்து ஊசிவழிச் செலுத்தினார் காக்ரேன். அளவறிந்து கொடுத்தால் அது உடலுக்கு ஏற்கும் என்பது புலப்பட்டது. விலையும் குறைவு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் அவர் விளங்கினார். அவர் அழைப்பில் வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், திருமணியில் நோயாளிகளின் முடங்கிய கைகளைக் கண்ட பிறகே அவற்றைச் சீராக்கும் பணியில் இறங்கினார்.

காக்ரேன் 1985இல் மறைந்தார். திருமணிக் குடியிருப்பு 1955இலேயே மைய அரசின் தொழுநோய் ஆய்வு நிறுவனமாகிவிட்டது. அவர் விடாது தொடர்ந்த வினாவுக்குப் புதியதொரு கருவி பின்னர்க் கிட்டியது.

2001இல் தொழுநோய் நுண்ணுயிரியின் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. ஏறத்தாழ 33 இலட்சம் எழுத்துகள் கொண்ட அந்நூலுக்கு மூலமானது, தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டு ஆர்மடில்லோ என்னும் விலங்கின் உடலில் பெருக்கப்பட்ட உயிரி. அதனாலேயே அதற்கு ‘டி.என்.’ என்று பெயர். ஏட்டுச்சுவடியைப் படியெடுப்போர் செய்த பிழை அடுத்த படியிலும் தொடரும். ஒரே பிழையுடைய சுவடிகள் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை எனப் பதிப்பாசிரியர் கொள்வர். உயிரியின் எழுத்துமாற்றங்களையும் ஆய்வாளர் அவ்வாறே ஒப்பிட்டனர். 2005இல் வெளியான ஆய்வு, உலகெங்கும் உள்ள உயிரிகளை நான்கு பெரும்பிரிவுகளாக்கியது. மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் பிரிவே கரீபியத் தீவுகளிலும் காணப்பட்டது. அடிமைக் கப்பல்களில் மனிதரோடு நோயும் கடல் கடந்திருக்கிறது.

கண்டங்களைக் கடந்த வழியை இவ்வாறு அறிய முடிந்தது. ஒரு தெருவுக்குள் பரவிய வழியை அறிவதோ கடினம். ஏனெனில் இவ்வுயிரிகளிடையே எழுத்து வேறுபாடு மிகமிகக் குறைவு. ஆகவே மரபணுத்தொகுதியில் மீண்டும் மீண்டும் வரும் சிறு துணுக்குகளை எண்ணி, ஒரே வீட்டில் வாழும் நோயாளிகளின் உயிரிகள் ஒத்திருக்கின்றனவா என்று ஆராய்கின்றனர்.