சிறு சமூகம் தந்த முதன் மந்திரி

சிங்கப்பூரின் முதலாவது முதன் மந்திரி யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் பலரும் விழிக்கின்றனர். அவர் சீனரல்லர், மலாய்க்காரரல்லர், இந்தியருமல்லர். பாக்தாத் வழிவந்த யூதக் குடும்பத்தில் 1908ம் ஆண்டு மார்ச் 12ந் தேதி இவ்வூரிலேயே பிறந்த டேவிட் மார்ஷல் அவர்களே அவர்.

வழக்கறிஞராகப் பெயரெடுத்த அவர், யுத்த காலத்தில் தொண்டர் படையில் சேர்ந்து, ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, ஹொக்கைடோ தீவில் கஷ்டங்களை அனுபவித்துத் திரும்பினார்.

1955ம் ஆண்டு ஏப்ரல் 2ந் தேதி சட்டசபைத் தேர்தல். கேர்ன்ஹில் தொகுதியில் அவரை எதிர்த்தவர்களில் ஒருவர் முற்போக்குக் கட்சித் தலைவர் சி. சி. டான். இத்தீவின் ஜனத்தொகையில் சீனரே பெரும்பகுதியினர். இருந்தும் ஒரு யூதர் வென்றார். காலனி ஆட்சி எப்போது ஒழியும் என்பதே அன்று ஜனங்களின் கேள்வி. வேட்பாளரின் குலம் கோத்திரம் பின்னுக்குப் போயிற்று. தொழிலாளர் முன்னணி 25 இடங்களில் 10ஐப் பெற, உம்னோவும் சீனர் சங்கமும் அடங்கிய கூட்டணியைச் சேர்த்துக்கொண்டு அவர் மந்திரிசபை அமைத்தார்.

சட்டசபையில் மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளிலும் பேசலாம் என்ற தீர்மானம் 1956 பிப்ரவரியில் அவர் ஆட்சியில்தான் நிறைவேறியது. தமக்குச் சொந்தமில்லாத மொழிகளுக்காக அவர் இடம் கொடுத்ததை நாம் மறக்கலாகாது. சுயாட்சிப் பேச்சு லண்டனில் முறியவே, சொன்ன சொல் தவறாமல் அவ்வாண்டு ஜூனில் பதவியைத் துறந்தார்.

1957ல் பாட்டாளிக் கட்சியைத் தொடங்கினார். 1961 ஜூலையில் ஆன்சன் இடைத்தேர்தலில், மக்கள் செயல் கட்சியின் மலாய் வேட்பாளரும் தொழிற்சங்கத் தலைவருமான மஹ்மூது அவாங்கை 546 வாக்குகளில் வென்றார். இதையும் மதத்தின் வெற்றியென்று கொள்வது தவறு. ஆளும் கட்சியின் இடதுசாரிகள் பிரிந்து அவரை ஆதரித்ததே பெருங்காரணம். அதே ஆன்சன் 1963ல் அவரைக் கைவிட்டது. பின்னர் பிரான்சில் தூதராகப் பணியாற்றி, 1995 டிசம்பர் 12ந் தேதி காலமானார்.

இனப் பற்று தேர்தலில் வேலை செய்வதே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. அந்த அச்சத்தால்தான் 1988ல் குழுத்தொகுதி முறை வந்தது. ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மையினர் ஒருவரேனும் நிற்க வேண்டுமென்று சட்டம் ஏற்பட்டது. சிறு சமூகத்தாராகிய நமக்கு அது ஒரு பாதுகாப்பே. ஆனால் சட்டம் நாற்காலியைத்தான் தரும், மதிப்பைத் தராது. மார்ஷல் பிற இனத்தாரின் குறைகளைத் தம் குறையாக எடுத்துப் பேசி மதிப்பைத் தேடிக்கொண்டார்.

சகோதரர்களே! வாக்கு ஓர் அமானிதம். நம்மவர் என்பதற்காக மட்டும் கொடுப்பதும், பிறர் என்பதற்காக மட்டும் மறுப்பதும் அந்த அமானிதத்துக்கு மோசம் செய்வதாகும்.