மருத்துவராக மறுத்த மகள்: வேலூரில் சேவை வளர்த்த டாக்டர் ஐடா ஸ்கடர்

வேலூர் 'சி.எம்.சி.' மருத்துவமனையைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர்கள் குறைவு. பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் தேடி வரும் அந்தக் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1900ஆம் ஆண்டில் ஒரு வீட்டில் போடப்பட்ட ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர். குடும்பத்தார் செய்துவந்த பணி தனக்கு வேண்டவே வேண்டாம் என்று இளமையில் உறுதியாக இருந்தவர் அவர்.

அந்தக் குடும்பத்தின் கதை பாட்டனார் ஜான் ஸ்கடரிடம் தொடங்குகிறது. நியூயார்க்கில் மருத்துவராக இருந்த அவர், நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு சமயச் சிற்றேட்டைப் படித்தார். அது அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. 1819ல் மனைவி ஹாரியட்டுடன் கப்பலேறி இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் நோயாளிகளைக் கவனித்ததோடு கல்விப் பணியிலும் ஈடுபட்டார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்களில் பலர், பிற்காலத்தில் எழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் மலாயாவுக்கு வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

1836ல் ஜான் ஸ்கடர் சென்னைக்கு மாறினார். அவருடைய மகன்கள் ஏழு பேர் தந்தையின் வழியிலேயே இந்தியாவில் பணியாற்றினர். 1853ல் அவர்கள் ஆற்காடு மிஷனை அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான சைலஸ், 1866ல் ராணிப்பேட்டையில் மருத்துவமனையைத் தொடங்கினார். நான்கு தலைமுறைகளில் 40க்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் இத்தகைய பணியில் இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

அந்த ஏழு பேரில் தந்தையின் பெயரையே தாங்கியவர் இரண்டாம் ஜான் ஸ்கடர். அவரும் மருத்துவரே. அவருடைய மகளாக ஐடா 1870 டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பெரும் பஞ்சத்தில், பசியால் துவண்ட பிள்ளைகளுக்குச் சின்னஞ்சிறு ஐடா ரொட்டித் துண்டுகளைக் கொடுத்தாராம். கண்முன் மடிந்தவர்களின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. பஞ்சமும் வறுமையும் வாட்டிய அந்த வட ஆற்காட்டு மண்ணிலிருந்துதான் நம் தோட்டங்களுக்கும் பல குடும்பங்கள் கப்பலேறி வந்தன.

பின்னர் அமெரிக்காவில் வளர்ந்து படித்த ஐடாவுக்கு இந்தியா என்றால் பசி, நோய், மரணம் என்பவையே நினைவுக்கு வந்தன. 1890ல் நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்தபோதும், விரைவில் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றே நினைத்திருந்தார்.

ஒரே இரவு அந்த எண்ணத்தை மாற்றியது. பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்ற வரும்படி ஒருவர் கதவைத் தட்டினார். ஐடா தன் தந்தையை அழைத்துப் போகச் சொன்னார். வேற்று ஆண் மகன் தன் மனைவியைத் தொட்டு வைத்தியம் பார்ப்பதா என்று அவர் மறுத்துவிட்டார். அதே இரவில் மேலும் இருவர் அதே வேண்டுகோளுடன் வந்தனர். மூவரில் ஒருவர் முஸ்லிம், மற்ற இருவர் இந்துக்கள். சமயம் வேறாக இருந்தாலும் மறுப்பு ஒன்றாகவே இருந்தது. மருத்துவம் அறியாத ஐடாவால் எதுவும் செய்ய முடியவில்லை. பொழுது விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. விசாரித்ததில் அந்த மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் எனத் தெரிந்தது.

அருகிலேயே மருத்துவர் இருந்தும், அவர் ஆண் என்பதால் மூன்று உயிர்கள் போயின. அன்றே ஐடா மருத்துவம் படிக்க முடிவு செய்தார்.

பிலடெல்பியாவில் படிப்பைத் தொடங்கிய அவர், பெண்களுக்குக் கதவு திறந்த கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899ல் பட்டம் பெற்றார். புறப்படும் முன், நியூயார்க் செல்வந்தர் ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவியின் பெயரில் மருத்துவமனை கட்ட 10,000 டாலர் கொடுத்தார். ஆனால் வேலூருக்கு வந்த சில மாதங்களிலேயே தந்தை காலமானார். அனுபவம் மிக்க தந்தையிடம் தொழில் கற்கலாம் என்று வந்தவர் தனித்து நின்றார். இளம்பெண்ணை நம்பி நோயாளிகளும் எளிதில் வரவில்லை. மெல்ல மெல்லத்தான் நம்பிக்கை பிறந்தது. 1902ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. நகருக்கு வர இயலாதவர்களைத் தேடிக் கிராமங்களுக்குப் போனார். சாலையோர மரத்தடிகளில் வைத்தியம் பார்த்தார்.

ஒருவர் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? இந்த மண்ணின் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்பதை ஐடா உணர்ந்தார். 1909ல் தாதியர் பயிற்சிப் பள்ளியையும், 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். மூன்று பேராவது சேருவார்களா என்று அரசு அதிகாரிகளே ஐயப்பட்டனர். வந்த விண்ணப்பங்களோ நூற்றுக்கும் மேல். முதல் அணியில் தேர்வு எழுதிய 14 பெண்களும் 1922ல் தேர்ச்சி பெற்று ஐயத்தைப் போக்கினர்.

பெரிய சோதனை முதுமையில் வந்தது. 1930களின் இறுதியில், மருத்துவப் பள்ளிகள் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று சென்னை மாகாண அரசு விதித்தது. அதற்குப் பெரும் பணமும் பேராசிரியர்களும் தேவைப்பட்டன. 70 வயதைக் கடந்த ஐடா, போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி பிழைக்கும் என்ற நிலையில், பெண்களுக்காகவே பணம் கொடுத்த பழைய தோழியர் சிலர் எதிர்த்தனர். ஆனால் கல்லூரி வாழ வேண்டும் என்பதே முக்கியம் என்று ஐடா துணிந்தார். 1940களில் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

1946ல் அவர் ஓய்வு பெற்றார். அண்ணன் மகளான இன்னொரு டாக்டர் ஐடா ஸ்கடர் அங்கேயே கதிரியக்கத் துறையில் பணியாற்றினார். ஆனால் நிறுவனத்தின் தலைமை ஸ்கடர் குடும்பத்தின் சொத்தாகவில்லை. 1947ல் டாக்டர் ஹில்டா லாசரஸ், அதன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவரும் ஒரு பெண் மருத்துவரே.

1960 மே மாதம், 89ஆம் வயதில், கொடைக்கானலில் ஐடா மறைந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் பாட்டனார் தொடங்கிய சேவை அவரோடு நின்றுவிடவில்லை. வேலூரில் படித்து வெளியேறிய ஆயிரக்கணக்கான மருத்துவர்களும் தாதியரும் அதைத் தொடர்ந்தனர். திண்டிவனத்தில் அன்று மாண்ட மூன்று பெண்களின் பெயர்கூட வரலாற்றில் இல்லை. அவர்களுக்குக் கிடைக்காத பெண் மருத்துவர், பின்னாளில் எத்தனையோ தாய்மார்களுக்குக் கிடைத்தார்.