வெள்ளியைத் தேடிப் புதுவைக்கு வந்தவர்

டூப்ளேயையும் ஆனந்தரங்கப் பிள்ளையையும் அறியாதவர் நம் புதுவையில் இலர். ஆனால் இதே ஊரில் இரண்டாண்டுகள் தங்கி, இடிந்த கோட்டையின் நடுவே நின்று வானத்தை ஆராய்ந்த கியோம் லெ ழான்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? உலக வானியல் வரலாற்றில் அவர் பெயருக்குத் தனி இடம் உண்டு.

1725 செப்டம்பர் 12-ஆம் நாள் பிரான்சில் நார்மண்டியைச் சேர்ந்த கூத்தான்ஸ் நகரில் அவர் பிறந்தார். குருவாகும் எண்ணத்துடன் இறையியல் கற்கப் பாரிசு சென்றவர், தெலில் என்ற பேராசிரியரின் வானியல் விரிவுரைகளைக் கேட்டு மனம் மாறினார். பாரிசு வானாய்வு நிலையத்தில் கஸ்ஸினியிடம் பயின்றார்.

1749 அக்டோபர் 29 இரவு, ஆண்ட்ரோமீடா என்னும் மங்கலான ஒளித்திட்டை அவர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பக்கத்தில் சிறு உருண்டையாக இன்னொரு மங்கல் ஒளி தெரிந்தது. மெஸ்ஸியேயின் புகழ்பெற்ற பட்டியலில் அது பின்னர் 32-ஆம் எண்ணைப் பெற்றது. ஆனால் அது என்ன? பக்கத்திலுள்ள வாயுமுகிலா, நெடுந்தொலைவிலுள்ள விண்மீன்களின் திரளா? அன்று எவராலும் சொல்ல இயலவில்லை. இரவில் கடலில் தெரியும் வெளிச்சம் கட்டுமரத்து அரிக்கேன் விளக்கா, தொலைவில் போகும் கப்பலின் பெருவிளக்கா என்று கரையில் நிற்கும் நமக்குத் தெரிகிறதா? தொலைவு தெரிந்தாலல்லவா பொருள் இன்னதென்று தெரியும்!

வானத்துத் தொலைவுகளை அளக்கும் ஏணிக்கு முதற்படி, பூமியிலிருந்து சூரியன் உள்ள தூரம். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்கும்போது உலகின் பல இடங்களிலிருந்து நேரத்தைக் குறித்தால் அதைக் கணக்கிடலாம். 1761-இலும் 1769-இலும் அக்காட்சி நிகழவிருந்தது. விட்டால் அடுத்தது 1874-இல்தான். பிரெஞ்சு அறிவியற் கழகம் லெ ழான்தியைப் புதுவைக்கு அனுப்பியது.

1760 மார்ச்சில் கப்பலேறினார். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் நடந்த காலம் அது. மொரீசியசில் மாதக்கணக்கில் காத்திருந்து, வேறு கப்பலில் புறப்பட்டு, 1761 மே மாதம் மாஹேயை நெருங்கியபோது புதுவை ஆங்கிலேயர் வசமாகிவிட்டது என்ற செய்தி எட்டியது. கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று நடுக்கடலில் வானம் துல்லியமாக இருந்தது. வெள்ளி கடப்பதை அவர் கண்டார். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடுமா? கண்டதை அளவாக்க முடியவில்லை.

வேறு எவராயினும் ஊர் திரும்பியிருப்பர். அவரோ அடுத்த எட்டாண்டுகளைக் கீழ்க்கடல்களிலேயே கழிக்கத் துணிந்தார். மடகாஸ்கர் கரையை ஆராய்ந்தார், மணிலா சென்றார், 1768 மார்ச் 27 அன்று, மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்த புதுவையில் இறங்கினார். ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் கோட்டையின் இடிபாடுகளிடையே வானாய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார். முன்பு பகைவராயிருந்த சென்னை ஆங்கிலேயரே ஒரு நல்ல தொலைநோக்கியை அனுப்பிவைத்தனர்.

காத்திருந்த நாள்களில் தமிழரின் பஞ்சாங்கக் கணித முறையை நம்மவரிடமே கேட்டுக் கற்றார். 1765-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதர் கணித்ததில் பிழை 41 விநாடி. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மேயருடையதிலோ 68 விநாடி. இதை மறைக்காமல் எழுதிவைத்த நேர்மை என்னை மிகவும் கவர்கிறது. வீராம்பட்டினத்தருகே கண்ட பழஞ்சிலையைப் பற்றியும் எழுதினார். அரிக்கமேட்டுக்கு அருகில்தான் அது.

1769 ஜூன் 4 விடியல். அதற்கு முன் பல காலைகள் தெளிவாகவே விடிந்திருந்தன. முதல்நாள் மாலைகூட ஆளுநருடன் வியாழனின் துணைக்கோள்களைக் கண்டு களித்தார். விடியுமுன் மேகம் திரண்டது, காற்று சுழன்றது. வெள்ளி சூரியனைக் கடந்து முடிந்தபின் மேகம் விலகி, நாள் முழுதும் வெயில் காய்ந்தது! அவர் விட்டுவந்த மணிலாவிலோ வானம் தெளிவாக இருந்தது. பல நாள் அவரால் பேனாவைக் கையில் எடுக்க இயலவில்லை.

நோயும் புயலும் கடந்து 1771 அக்டோபரில் தாயகம் சேர்ந்தபோது, இறந்தவராகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். கழகத்தில் அவர் இடமும் பிறருக்குப் போயிருந்தது. போராடி இடத்தைத் திரும்பப் பெற்றார், மணந்தார், ஒரு மகளுக்குத் தந்தையானார். பயண நூலை 1779-இலும் 1781-இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1792 அக்டோபர் 22-இல் காலமானார்.

மற்ற இடங்களில் எடுத்த அளவுகளால் அந்த முதற்படி உறுதியாயிற்று. ஏணி படிப்படியாக உயர்ந்து, 1923-இல் ஹபிள் ஆண்ட்ரோமீடா ஒரு தனி விண்மீன் மண்டலமே என்று கண்டார். லெ ழான்தி கண்ட சிறு திட்டு அதன் துணை மண்டலம். நம்மிடமிருந்து ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு.

அவரது ஐயம் மட்டும் இன்னும் ஓயவில்லை. மிகத் தொலைவிலுள்ள மண்டலங்களின் ஒளி, விரியும் பேரண்டத்தில் நீண்டு அகச்சிவப்பாக நம்மை அடைகிறது. தூசு நிறைந்த அருகிலுள்ள மண்டலமும் அதுபோலவே சிவந்து தோன்றும். 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் ஒரு புள்ளியை, பெருவெடிப்புக்குப்பின் 25 கோடி ஆண்டுக்குள் தோன்றிய மண்டலம் என எண்ணினர். அடுத்த ஆண்டு அதன் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுத்தபோது, அது ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு பிந்தியது எனத் தெரிந்தது. இன்னொரு புள்ளியோ முன்னால் நிற்கும் ஒரு மண்டலத்தை ஒட்டித் தெரிந்ததால், அதன் பகுதியோ என்றே ஐயுற்றனர். 2024 ஜனவரியில் பல மணி நேரம் நிறமாலை எடுத்தபின் அது பெருவெடிப்புக்குப்பின் சுமார் 30 கோடி ஆண்டில் ஒளிர்ந்த மண்டலம் என உறுதியாயிற்று. அதுவும், 1749-இல் கண்டதைப் போலவே, ஒரு பெரிய ஒளியின் பக்கத்தில் தெரிந்த சிறு மங்கல் திட்டுதான்.