பூஜ்யத்தை மறக்காத நட்சத்திரம்

கிட்இக்னோர் பேட்டர்ன்களைப் பொருத்தும் கோடை நண்பர் மாற்றிட்டு, ரிவ்யூ பண்ணச் சொல்றார்னு வைங்க. கான்ஃபிக்/**/கீ என்ற பேட்டர்னுக்கு கான்ஃபிக்/ஏ/கீ, கான்ஃபிக்/ஏ/பி/கீ ரெண்டுமே பொருந்துது. ஓகே சொல்லிடலாமா? கொஞ்சம் இருங்க, முதல்ல ஒருத்தரைத் தெரிஞ்சுக்கலாம்.

தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் வகுப்பில் க்ளீன் ஸ்டார்னு படிச்சோமே, அவர்தான். ஸ்டீபன் க்ளேனி. தன் பெயரை அவர் அப்படித்தான் உச்சரிப்பார். 1909-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். பிரின்ஸ்டனில் அலான்சோ சர்ச்சிடம் ஆய்வு செய்து 1934-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேலை. உலகப்போர் வந்தப்போ கடற்படையில் நேவிகேஷன் கற்றுக்கொடுத்தார். மலையேறுவதில் அவருக்கு அவ்வளவு ஆசை.

1951 கோடையில் ராண்ட் நிறுவனத்தில், நரம்பு வலைகளால் எதையெல்லாம் அடையாளம் காண முடியும்னு ஆராய்ந்தார். ரெகுலர் எக்ஸ்பிரஷன் அங்கேதான் பிறந்தது. அவரோட நட்சத்திரத்துக்கு அர்த்தம் இதுதான்: எத்தனை முறை வேணும்னாலும் வரலாம், ஒருமுறைகூட வராமலும் இருக்கலாம். 1968-இல் கென் தாம்சன் அதை வச்சு டெக்ஸ்ட் தேடும் வழியை வெளியிட்டார். 1994-இல் க்ளேனி மறைந்தார்.

ஃபைல் பாதையில் விதி கொஞ்சம் வேற. ஒற்றை நட்சத்திரம் ஸ்லாஷைத் தாண்டாது. ஆனா நடுவுல வர்ற இரட்டை நட்சத்திரத்தில் அந்தப் பூஜ்யம் அப்படியே இருக்கு. அதனால கான்ஃபிக்/கீயும் பொருந்தணும். அது விட்டுப்போனா, உங்க ரகசிய கீ ரெப்போவுக்குள்ள போய் ஊருக்கே தெரிஞ்சுடும். அதுக்கு ஒரு டெஸ்ட் கேஸ் இருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம் ஓகே சொல்லுங்க.