கடிகார வினைஞர் பிரெகே

காலத்தைத் தடுத்து நிறுத்த வல்லார் உலகில் எவருமிலர். அதனைச் செவ்வனே அளந்து காட்ட வல்லார் ஒரு சிலரே தோன்றினர். பழங்காலக் கடிகாரங்களைத் தேடிச் சேர்க்கும் அன்பர்கள் அச்சிலருள்ளும் தலைசிறந்தவராகப் போற்றுபவர் ஆப்ரகாம் லூயி பிரெகே என்பார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இப்பொழுது ஸ்விட்ஸர்லாந்தைச் சார்ந்துள்ள நெஷாட்டெல் நகரில், 1747-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள், பிராட்டஸ்டண்டுக் குடும்பம் ஒன்றில் இவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயை மறுமணம் புரிந்தவர் கடிகாரத் தொழில் வல்லவராதலின், அத்தொழிலே இவருக்கும் வாய்த்தது. பதினைந்தாம் வயதிற் பிரான்சு தேசம் புகுந்து தொழில் பயின்று, 1775-ல் பாரிஸ் மாநகரில் செயின் ஆற்றிடைத் தீவொன்றில் தமக்கெனத் தொழிற்சாலை அமைத்தார். அணிவார் நடக்கும் அசைவினாலேயே தானாக முறுக்கேறும் கடிகாரத்தைச் செம்மைப்படுத்தி, அரசவையிற் பெரும்புகழ் எய்தினார்.

1783-ல், அரசி மரீ அந்த்வானெத்தின் பொருட்டு அக்காலத்து அறியப்பட்ட நுட்பங்கள் யாவும் அமைந்த கடிகாரம் ஒன்று செய்யுமாறு பணிக்கப்பட்டார். அதற்கு விலையெல்லையும் இல்லை, காலவெல்லையும் இல்லை. ஆயின் 1789-ல் புரட்சி மூண்டது. 1793-ல் அரசி கொலைத்தண்டனைக்கு ஆளாயினள். அரசவைத் தொடர்பால் ஐயத்துக்கு இலக்கான பிரெகேயும் அவ்வாண்டே தாய்நாட்டுக்கு ஓடினார். 1795-ல் மீண்டு வந்து தொழிலைத் திரும்பத் தொடங்கினார். ஒற்றை முள்ளுடைய எளிய கடிகாரங்களை, விலையில் நாலிலொரு பங்கை முன்பணமாகப் பெற்றுச் செய்து கொடுத்தார்.

1801-ல் இவர் உரிமை பெற்ற டூர்பியோன் என்னும் அமைப்பு வியக்கத்தக்கது. சட்டைப்பையில் நிமிர்ந்து கிடக்கும் கடிகாரத்தில், புவியின் ஈர்ப்பினால் ஊசலாடுஞ் சக்கரத்தின் நடை பிறழும். அச்சக்கரத்தைச் சிறு கூண்டில் வைத்துச் சுழலச் செய்யின், ஒரு பக்கத்துப் பிழையை மறுபக்கத்துப் பிழை ஈடுசெய்யும் என்பதே இவர் கண்ட உண்மை. இலண்டன் கடிகார வினைஞர் ஜான் ஆர்னால்டு இவர்தம் உயிர்த்தோழர். அவர் 1799-ல் மறைந்தபின், பிரெகே 1808-ல் தம் டூர்பியோனை அத்தோழர் செய்த கடிகாரத்தினுள்ளேயே பொருத்தி, அவர் மைந்தருக்கு வழங்கினார். அது பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது.

நெப்போலியன் தங்கையாகிய நேபிள்ஸ் அரசி கரோலின் மூரா 1810-ல் வேண்ட, மணிக்கட்டில் அணியுங் கடிகாரம் ஒன்றை இவர் 1812-ல் முடித்தளித்தார். அறியப்பட்ட கைக்கடிகாரங்களுள் அதுவே முதலாவது என்பர். சேகரிப்போர் எவர் கைக்கும் அஃது எட்டவில்லை. 2639 என்னும் எண்ணுடன் தொழிற்சாலைக் கணக்கேட்டில் எழுதிய குறிப்பே அதற்குச் சான்றாய் நிற்கின்றது.

தொழிலாளர் கொணரும் கூலிச்சீட்டின் இறுதியிற் சுழியம் இருப்பின், அதற்கு ஒரு வாலிட்டு ஒன்பதாக்கிக் கொடுப்பார் என்றும் இவரைப்பற்றிக் கூறுவர்.

1823-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் பிரெகே மறைந்தார். அரசியின் கடிகாரம் அப்பொழுதும் முற்றுப்பெறவில்லை. அவர் மைந்தர் காலத்தில், 1827-ல் அது முடிவுற்றது. அரசி இறந்து 34 ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்னாளிற் சர் டேவிட் சாலமன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அதனைத் தம் சேகரிப்பிற் சேர்த்தார். எருசலேம் காட்சிசாலையிலிருந்து 1983-ல் அது களவு போயிற்று; 2007-ல் மீண்டது.

அக்கடிகாரத்தை விரும்பிக் காத்திருந்தார் ஒருவருமில்லாத காலத்தும் அத்தொழிற்சாலையார் அதனைக் கைவிட்டிலர். மாண்ட தோழர் மதிப்பைக் கோரவில்லை. தொழிலாளர் ஒன்பதைக் கேட்கவில்லை. கேட்பாரின்றியும் கடமையை முற்றச் செய்தலே பிரெகே காட்டிய நெறியாம். மேற்பார்வை உள்ளபோது மட்டும் ஊக்கங்கொள்ளும் மாணவராகிய நாம், நம் வேலையை இவர்தம் அளவுகோல்கொண்டு அளந்து பார்ப்போமாக.